இறுதியாண்டுத் திட்டமாக ஸ்போர்ட்ஸ் கார்: வடிவத்தை வரைந்து தொடங்குவதா, ஆளை உட்காரவைத்துத் தொடங்குவதா?

கோவை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தொழில்துறை வடிவமைப்பில் இறுதியாண்டு படிக்கிறேன். இந்தப் பருவம் முழுவதற்கும் எனக்கு ஒரே திட்டம்தான்: இருவர் அமரும் மின்சார ஸ்போர்ட்ஸ் கார். நான்கில் ஒரு பங்கு அளவில் ஒரு மாடல், அளவு குறித்த வரைபடங்கள், விளக்கப் பலகைகள் ஆகியவற்றை ஒப்படைக்க வேண்டும். ஓடும் வண்டி தேவையில்லை. ஆனால் தேர்வாளர்களில் ஒருவர் வாகனத் துறையிலிருந்து வருகிறார். எந்தப் படத்தைக் காட்டினாலும் "இது ஓடுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்ததற்குக் காரணமே 1970-களின் இத்தாலியக் கருத்துரு வண்டிகள்தான்; அதாவது விற்பனைக்கு அல்லாமல் புதிய யோசனையைக் காட்டுவதற்காகச் செய்த வண்டிகள். பெர்டோனே வடிவமைப்புக் கூடத்தில் மார்செல்லோ காந்தினி வடிவமைத்த லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஸீரோவின் படத்தைப் பள்ளி நாட்களில் பார்த்தேன். அதன் உயரம் வெறும் 84 சென்டிமீட்டர். கதவு கிடையாது, முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். அந்த ஆப்பு வடிவம் என் கையை விட்டுப் போகவே இல்லை. நான் வரைந்த ஸ்கெட்ச் எல்லாமே மூக்கு கூராகத் தொடங்கிப் பின்னால் உயர்ந்து போகிறவைதான்.

இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத் தோற்றம் வரைந்திருக்கிறேன். நீளம் 4000 மி.மீ., முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2500, உயரம் 1050. பேட்டரி முழுவதும் தரைக்கு அடியில், 150 மி.மீ. கனத்தில். என் வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, "முதலில் இதற்குள் ஒரு ஆளை உட்காரவை. பிறகு மற்றதைப் பேசலாம்" என்றார். வகுப்புத் தோழர்களோ, "வடிவம்தான் முக்கியம். ஆளைப் பிறகு நுழைத்துக்கொள்ளலாம். கருத்துரு வண்டிக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?" என்கிறார்கள்.

எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்க வேண்டும்? 1050 என்ற உயரத்தை எப்படியாவது காப்பாற்ற முடியுமா? மாடலைக் களிமண்ணில் செய்வதா, முப்பரிமாண அச்சில் எடுப்பதா? களிமண்ணில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆனால் கையால் செய்யவே ஆசையாக இருக்கிறது.

தூரிகை எழுதியது:

வடிவத்திலிருந்தே தொடங்குங்கள் என்பேன். கருத்துரு வண்டியின் வேலை, பார்ப்பவரை நிறுத்தி வைப்பது. நீங்கள் சொன்ன ஸீரோவே அதற்குச் சான்று. 1970 டூரின் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். பிறகு அந்தக் கூடத்தின் தலைவர் நூச்சோ பெர்டோனே அதை ஓட்டிக்கொண்டே லான்சியா தலைமையகத்துக்குப் போனார். வாயிலில் இருந்த தடுப்புக் கட்டையைத் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அடியிலேயே நுழைந்துவிட்டார். அந்தத் துணிச்சலிலிருந்து பிறந்ததுதான் உண்மையான ஸ்ட்ராட்டோஸ். 1974, 1975, 1976 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக ராலி வாகையர் பட்டத்தை அது வென்றது. முதல் நாளிலேயே அளவுகோலை எடுத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? மாணவப் பருவத்தில்தான் துணிந்து வரைய முடியும். வேலைக்குப் போன பிறகு அளவுகோல் தானாகவே கைக்கு வந்துவிடும்.

இடுப்புப்புள்ளி எழுதியது:

வணக்கம் தங்கை. நான் சென்னையில் ஒரு வாகன வடிவமைப்புக் கூடத்தில் நெடுநாட்களாக வேலை செய்கிறேன். ஆட்கள், என்ஜின், பேட்டரி, சக்கரம், பெட்டி எல்லாவற்றுக்கும் வண்டிக்குள் இடம் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. வடிவமைப்பாளர்களோடு தினமும் மி.மீ. கணக்கில் வாதாடுகிறவள் என்பதால், உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தூரிகை சொன்ன கதையில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. ஸீரோ வெறும் ஓடு அல்ல. லான்சியா ஃபுல்வியாவின் என்ஜின் பின்னால் உட்கார்ந்திருந்தது. ஓட்டுபவர் ஏறத்தாழப் படுத்தநிலையில் முன்னால் இருந்தார். காந்தினி ஆளைப் படுக்கவைத்ததால்தான் அந்த 84 சென்டிமீட்டர் கிடைத்தது. அந்த வண்டியின் துணிச்சல் அதன் கோடுகளில் மட்டும் இல்லை, ஆளை எங்கே வைத்தார் என்பதிலும் இருக்கிறது. ராலியில் வென்ற ஸ்ட்ராட்டோஸின் உடல் ஸீரோவைப் போல் இல்லவே இல்லை. அதற்குக் கதவும் உண்டு, எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு வளைந்த முன்கண்ணாடியும் உண்டு.

இப்போது உங்கள் 1050-க்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்துத் தரையிலிருந்து மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். நம் ஊர் வேகத்தடைகளைத் தாண்ட 130 மி.மீ. இடைவெளி. அதன் மேல் உங்கள் பேட்டரி 150, ஆக 280. சீட்டின் அடித்தகடும் உட்கார்ந்ததும் அமுங்கிய பஞ்சுமாக 50. அதற்கு மேல் சுமார் 100 மி.மீ. உயரத்தில் மனிதனின் இடுப்பு மூட்டு வருகிறது. எச் பாயிண்ட் என்று துறையில் சொல்வது இதைத்தான். இப்போது 430-ல் இருக்கிறோம். முதுகை 28 டிகிரி சாய்த்தாலும் உயரமான ஒருவருக்கு அங்கிருந்து உச்சந்தலை வரை ஏறத்தாழ 790 வேண்டும். தலைக்கு மேல் விரல் நுழைய 40, கூரையின் கனம் 40. மொத்தம் 1300.

1300 என்பது ஸ்போர்ட்ஸ் காரின் உயரம் அல்ல. உங்கள் வரைபடத்தில் ஓட்டுபவரின் தலை கூரையைத் துளைத்துக்கொண்டு கால் மீட்டர் வெளியே நிற்கிறது. தேர்வாளர் உங்கள் பலகைக்கு அருகில் வந்ததும் கண்ணாலேயே இதை அளந்துவிடுவார். எங்கள் வேலையில் அந்தக் கண் தானாக வந்துவிடும்.

பேட்டரியைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் 20 மி.மீ. தரைத்தகடு மட்டும் மிஞ்சும்; மொத்தம் 1170-க்கு வந்துவிடும். அப்படியானால் பேட்டரி எங்கே போகும்? சீட்டுகளுக்குப் பின்னால், பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரில் என்ஜின் இருக்கும் அதே இடத்தில். 2008-ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் அப்படித்தான் செய்தது. லோட்டஸ் எவியாவும் அப்படியே. மின்சாரம் என்றாலே தரைக்கடியில் பலகையாகத்தான் பேட்டரி இருக்க வேண்டும் என்பது குடும்பக் கார்களிடமிருந்து வந்த பழக்கம். ஐந்து பேரை நிமிர்ந்து உட்காரவைக்கும் உயரமான வண்டிக்கு அது பொருந்தும். உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

இன்னொன்று, எடை. அந்த ரோட்ஸ்டருக்கு அடிப்படை லோட்டஸ் எலீஸ். 1996-ல் வெளிவந்த முதல் எலீஸின் எடை சுமார் 725 கிலோ. அலுமினியக் குழல்களைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சட்டகம் வெறும் 68 கிலோ. அதே குடும்பத்து வண்டியில் 6,831 சிறிய செல்களை அடுக்கியபோது பேட்டரி மட்டுமே 450 கிலோ ஆனது. வண்டி 1300 கிலோவை நெருங்கியது. பேட்டரியின் எடையைத் தாங்க சட்டகம் பலமாக வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், டயர் அகலமாக வேண்டும், அவை ஒவ்வொன்றும் மறுபடி எடையைக் கூட்டும். அதனால் எத்தனை யூனிட் பேட்டரி என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். என் பரிந்துரை 30 யூனிட். கிலோவுக்கு 150 வாட்-மணி என்று வைத்தால் 200 கிலோ. கன அளவு சுமார் 120 லிட்டர் வரும். 1200 மி.மீ. அகலம், 400 உயரம், 250 ஆழம் என்று ஒரு பெட்டி வரைந்து சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். அழகாக உட்கார்ந்துவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டியை யார், எந்தச் சாலையில், எதற்காக ஓட்டப்போகிறார்? உங்கள் பதிவில் நீளம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, இதைக் காணோம். இதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

உலகத்தில் இதற்கு மிக நல்ல முன்மாதிரி ஒரு மாணவர் திட்டம்தான். இங்கிலாந்தின் கவன்ட்ரி பல்கலைக்கழகத்தில் நிக்கி ஸ்மார்ட் என்ற மாணவர் 1996-ல் ஒரு எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைத்தார். ஓட்டும் இன்பத்துக்குத் தேவையில்லாத எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. கதவு இல்லை, கூரை இல்லை. உடலை மூடும் தகடுகளே அநேகமாக இல்லை. சட்டகத்தின் குழாய்களே வெளியே தெரிந்தன. அவையே அந்த வண்டியின் முகமாகவும் ஆயின. அதே ஆண்டு பிர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தார்கள். அவருடைய ஆசிரியர் சைமன் சாண்டர்ஸ் அந்தத் திட்டத்தைக் கைவிடவில்லை. சாமர்செட் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கி, 2000 முதல் ஏரியல் ஆட்டம் என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கினார். இன்றும் அது உற்பத்தியில் இருக்கிறது. ஸ்மார்ட் பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய் காடிலாக் சியெல், எல்மிராஜ் போன்ற பிரம்மாண்டமான கருத்துரு வண்டிகளில் பணியாற்றினார். அவை அழகானவைதான், ஆனால் உற்பத்திக்கு வரவில்லை. மாணவராக அவர் செய்ததுதான் சாலையில் ஓடுகிறது.

அந்த வண்டியின் தோற்றத்தை நகலெடுக்கச் சொல்லவில்லை. அவர் எதிலிருந்து தொடங்கினார் என்பதை மட்டும் பாருங்கள். முதலில் எதை விடுவது என்று முடிவு செய்தார். தோற்றம் அந்த முடிவிலிருந்து வந்தது.

கோவை மாணவி எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி தாளில் கூட்டிப் பார்த்தேன். என் படத்தின் மேல் ஆளை வரைந்ததும் வழிகாட்டி எதைச் சொன்னார் என்று விளங்கிவிட்டது.

ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னீர்கள். இதோ: "ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் இருவர் மகிழ்ச்சியாக ஏறி இறங்குவதற்கான வண்டி." அப்பாவின் சொந்த ஊர் வால்பாறை. சிறுவயதிலிருந்து அந்தச் சாலையில் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். அதில் ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டி செய்தால் எப்படியிருக்கும் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. திட்ட அறிக்கையில் எழுதும் அளவுக்கு அது பெரிய காரணம் இல்லையோ என்று நினைத்திருந்தேன்.

இடுப்புப்புள்ளி எழுதியது:

இதைவிடப் பெரிய காரணம் கிடையாது! இதைத்தான் முதல் பலகையில், கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

இப்போது பாருங்கள், எத்தனை முடிவுகள் தாமாகவே விழுகின்றன. மலைச்சாலையில் எதிரே பஸ் வரும். வண்டி 1700 மி.மீ. அகலத்துக்கு மேல் போகக்கூடாது. கொண்டை ஊசி வளைவில் சாலை திரும்பும்போதே செங்குத்தாக ஏறவும் செய்கிறது. உங்கள் ஆப்பு வடிவத்தின் நீண்ட மூக்கு அங்கே தரையில் உரசும். ஆகவே முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி குட்டையாக வேண்டும். சக்கர இடைத்தூரம் 2500 வேண்டாம், 2300 போதும். எலீஸுக்கும் அதே 2300-தான். திரும்புவதற்குக் குறைந்த இடம் போதும், ஆட்கள் உட்காரவும் போதும்.

பார்வையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலப்புற வளைவில் ஏறும்போது ஓட்டுபவர் முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பதில்லை. தலையைத் திருப்பித் தன் வலத்தோளுக்கு மேலாக, பக்கக் கண்ணாடி வழியாக மேலே பார்க்கிறார். எதிரே இறங்கி வரும் லாரி அங்கேதான் தெரியும். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த இடத்தில் தடித்த தூண் ஒன்று படுத்திருக்கும்; கதவின் மேல்விளிம்பு தோள் வரை உயர்ந்திருக்கும். உங்கள் வண்டியில் கதவின் விளிம்பைத் தாழ்த்துங்கள், தூணை மெலிதாக்கிப் பின்னால் தள்ளுங்கள். இந்த ஒரு முடிவே உங்கள் பக்கத் தோற்றத்தை எந்த இத்தாலிய வண்டியிலிருந்தும் வேறாக்கிவிடும்.

மின்சாரமும் இங்கே பொருளுள்ளதாகிறது. ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரோடு வண்டி 950 கிலோ என்றால் அந்த உயரத்தை ஏற மட்டும் 1.8 யூனிட் செலவாகும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து அதில் நல்ல பங்கை பேட்டரிக்குத் திருப்பித் தரும். பிரேக் பட்டைகளும் சூடேறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: வால்பாறையில் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால் திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக இடம் இருக்காது. அதனால் மேலே எண்பது, எண்பத்தைந்து விழுக்காட்டோடு நிறுத்தும்படி வண்டியே சொல்ல வேண்டும். உங்கள் ஓட்டுநர் பலகையில் கொண்டை ஊசிகளின் எண்ணும் இந்த அளவும் மட்டும் இருந்தால் போதும். பெரிய தொடுதிரை எதற்கு?

முன்னாள் ஓட்டப்பந்தய அணி எழுதியது:

அக்கா சொன்ன தாள் கணக்கோடு நின்றுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நான் கல்லூரியில் ஃபார்முலா பாரத் போட்டிக்கான வண்டி கட்டிய அணியில் இருந்தவன். உங்கள் ஊரில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் அது நடக்கிறது. நடக்கும் சமயத்தில் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

அங்கே வேகத்தைச் சோதிக்கும் முன் ஆளைத்தான் சோதிப்பார்கள். உயரமான ஒரு மனிதனின் அளவில் வட்டங்களும் கோடுமாக வெட்டிய அட்டை உருவம் ஒன்றைச் சீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அதன் தலைக்கும், முன்னும் பின்னும் இருக்கும் பாதுகாப்பு வளையங்களை இணைக்கும் கோட்டுக்கும் இடையே 50 மி.மீ. இருக்க வேண்டும். ஓட்டுநர் எல்லாப் பட்டைகளையும் அவிழ்த்துக்கொண்டு ஐந்து விநாடிக்குள் வெளியே குதிக்க வேண்டும். எங்கள் அணியில் கணினி மாடலில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒட்டுப்பலகையிலும் பிவிசி குழாயிலும் முழு அளவில் ஒரு இருக்கைக் கூடு கட்டி உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முழங்கை தொடையில் இடிக்கிறது என்று தெரிந்தது. கணினிக்கு முழங்கை வலிக்காது.

நீங்களும் முழு அளவில் ஒரு கூடு கட்டுங்கள். செலவு அதிகமில்லை: பழைய ஒட்டுப்பலகை, குழாய், அட்டை, ஒரு பழைய ஸ்டீயரிங் சக்கரம். உங்கள் வகுப்பிலேயே மிக உயரமானவரையும் மிகக் குட்டையானவரையும் உட்காரவைத்துப் பக்கத்திலிருந்து படம் எடுங்கள். அந்தப் படத்தின் மேலேயே கூரைக் கோட்டை வரையலாம். தேர்வில் அந்தக் கூட்டையும் கொண்டுபோய் வையுங்கள். "உட்கார்ந்து பாருங்கள், ஐயா" என்று தேர்வாளரிடம் சொல்ல முடிந்தால் பாதி கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சக்கரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் ஸ்கெட்ச்களில் சக்கரம் எப்போதும் உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் அது மேலும் கீழும் நகரும், முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பவும் செய்யும். கொண்டை ஊசிக்கான வண்டி என்றால் மிக அதிகமாகத் திரும்பும். சக்கரம் முழுதாகத் திரும்பி, முழுதாக மேலே எழும்பிய நிலையில் அது அடைக்கும் இடத்தை வரைந்துவிட்டு, அதைச் சுற்றி மட்கார்டை வரையுங்கள். அப்போது ஓட்டுநரின் பாதங்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். முன்பகுதியின் அகலம் அங்கேதான் முடிவாகிறது.

உங்கள் கோவைக்கு இந்த வகை உழைப்பில் ஒரு மரபே உண்டு. 1980-களின் இறுதியில் எஸ். கரிவர்தன் மாருதி என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை அங்கே கட்டினார். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதி என்ற அந்த வகை வண்டியில்தான். கரி ஸ்பீட்வேயின் பெயரில் இருப்பவர் அந்தக் கரிவர்தனே.

தூரிகை எழுதியது:

நான் சொன்னதை முழுக்கத் திரும்பப் பெறமாட்டேன்; ஆனால் வால்பாறை என்றதும் எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு சந்தேகம்: அந்த ஏரியல் ஆட்டம் வண்டியைப் போலக் கூரையே இல்லாமல் விட்டுவிடலாம் என்று மாணவி நினைத்தால், மழையை என்ன செய்வது? வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் அங்கே திறந்த வண்டியில் போனால் இருவரும் மகிழ்ச்சியாக ஏறி இறங்க முடியாது.

இடுப்புப்புள்ளி எழுதியது:

மிக நல்ல கேள்வி, தூரிகை. உயரக் கணக்கையும் இதுதான் முடிவு செய்யப் போகிறது.

என் யோசனை: தலைக்கு மேல் மட்டும் கழற்றக்கூடிய இரண்டு துண்டுகள், நடுவில் முதுகெலும்பு போல ஒரு குழாய். கவிழ்ந்தால் பாதுகாப்பது அந்தக் குழாயும் சீட்டுக்குப் பின்னாலுள்ள வளையமும். இந்த அமைப்பில் இன்னொரு நன்மை உண்டு. கூரை வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரே உயரத்தில் இருக்கத் தேவையில்லை. இரண்டு தலைகளுக்கும் மேலே மட்டும் மெல்லப் புடைத்து, நடுவிலும் ஓரங்களிலும் தாழ்ந்திருக்கலாம். 1967-ல் லீ மான் பந்தயத்துக்கு ஃபோர்டு வண்டியைத் தயார் செய்தபோது ஓட்டுநர் டான் கர்னி மிக உயரமாக இருந்ததால் அவர் தலைக்கு மேல் மட்டும் கூரையில் ஒரு குமிழ் வைத்தார்கள். ஏ. ஜே. ஃபோய்ட்டும் அவரும் அந்தக் குமிழோடுதான் வென்றார்கள். இன்று அந்தக் குமிழைப் பார்த்தே அந்த வண்டியை அடையாளம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்காகச் செய்த ஒரு மாற்றம் வண்டிக்கே அழகாகிவிட்டது.

காற்றைப் பற்றியும் இரண்டு விஷயம். முதலாவது, பின்புறத்தை உருண்டையாக வழியவிடாதீர்கள். ஆடி டிடி 1998-ல் விற்பனைக்கு வந்தபோது அதன் வழவழப்பான பின்புறத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். அதிவேகத்தில் பின்பகுதி மேலே தூக்கப்பட்டு விபத்துகள் நேர்ந்தபின், விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சிறிய இறகைப் பொருத்தினார்கள். பின்மூடியின் முடிவில் கூரான ஒரு விளிம்பு இருந்தால் காற்று அங்கே ஒழுங்காகப் பிரிந்துவிடும். இரண்டாவது, குளிரூட்டல். காந்தினி வடிவமைத்த லம்போர்கினி கவுன்டாக் 1971-ல் ஜெனீவாவில் நின்றபோது அதன் உடல் அத்தனை சுத்தமாக இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது சூடு தாங்கவில்லை. 1974-ல் விற்பனைக்கு வந்த வண்டியில் தோள்களில் காற்றுப் பெட்டிகளும் பக்கவாட்டில் பெரிய துவாரங்களும் வந்துவிட்டன. உங்கள் பேட்டரிக்கும் ஏற்றத்தில் சூடு ஏறும். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று இப்போதே அம்புக்குறி போட்டுவிடுங்கள். பின்னால் ஒட்டுப்போட நேராது.

கணபதி பேட்டர்ன் பட்டறை எழுதியது:

வணக்கம் அம்மணி. நான் கோவை கணபதி பகுதியில் வார்ப்படத்துக்கு மரப் பேட்டர்ன் செய்கிறவன். கார் வடிவமைப்பு தெரியாது. ஆனால் அளவு பிசகாமல் ஒரு உருவத்தைக் கையால் செய்வதுதான் எங்கள் பிழைப்பு, அதனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

களிமண்ணிலேயே செய்யுங்கள். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரணக் களிமண் வேண்டாம், காய்ந்து வெடிக்கும். கார்க் கூடங்களில் பயன்படுத்தும் மெழுகுக் களிமண் வாங்குங்கள். 55, 60 டிகிரிக்குச் சூடாக்கினால் வெண்ணெய் போலப் பூச வரும், ஆறியதும் சீவலாம், மறுபடி சூடாக்கி ஒட்டலாம். நாள்கணக்கில் வைத்தாலும் காயாது. முழுவதையும் அதிலேயே செய்தால் செலவும் எடையும் தாங்காது. கனமான ஒட்டுப்பலகை அடித்தளம், அதன் மேல் தெர்மாகோலில் உருவத்தைவிட எல்லாப் பக்கமும் 25 மி.மீ. குறைவாக ஒரு உள்கூடு, அதன் மேல்தான் களிமண்.

முதல் வேலை அடித்தளத்தை ரசமட்டம் வைத்துச் சரிசெய்வதும், நடுக்கோட்டையும் இரண்டு அச்சுக் கோடுகளையும் கீறி வைப்பதும். அந்தக் கோடுகள் கடைசி நாள் வரை அழியக்கூடாது; எல்லா அளவும் அங்கிருந்துதான். நீங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் செய்யப்போகிறீர்கள், நல்ல அளவு. முதலில் இடப்பக்கத்தை மட்டும் முடியுங்கள். மனதுக்குப் பிடித்ததும் ஐந்தாறு இடங்களில் மெல்லிய ஒட்டுப்பலகையில் வளைவு அச்சு வெட்டி, அதைத் திருப்பி வைத்து வலப்பக்கத்தைச் சீவுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்த்துச் செய்தால் ஒருபோதும் ஒன்றாக வராது.

பரப்பு சரியாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். கடைசியில் களிமண்ணின் மேல் இழுத்து ஒட்டும் பளபளப்பான படலத்தைப் போர்த்தி, இருட்டறையில் ஒரே ஒரு டியூப்லைட்டின் கீழ் வையுங்கள். விளக்கின் பிரதிபலிப்பு முன்னிருந்து பின்வரை உடையாமல் ஓடினால் பரப்பு சுத்தம். எங்கே நெளிகிறதோ அங்கே மறுபடி வேலை.

அச்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனம். சில மெழுகுக் களிமண்ணில் கந்தகம் இருக்கும். அதன் மேல் சிலிக்கான் ஊற்றினால் சில வகைகள் இறுகவே இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். கந்தகம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள், அல்லது ஃபைபரில் அச்சு எடுங்கள். முப்பரிமாண அச்சைச் சக்கரத்துக்கும் விளக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி நான்கு வேண்டிய பொருளுக்கு அது நல்லது. உடலையே அச்சடித்தால் துண்டு துண்டாக வந்து, பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்தே பருவம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வடிவத்தைப் பற்றி ஒன்றும் கற்றிருக்கமாட்டீர்கள். தெர்மாகோல் வெட்டச் சூட்டுக்கம்பி வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் வாருங்கள்.

கோவை மாணவி எழுதியது:

ஐயா, அக்கா, அண்ணா, தூரிகை, எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை புதிதாக ஒரு பக்கத் தோற்றம் வரைந்தேன். நீளம் 3700, சக்கர இடைத்தூரம் 2300, அகலம் 1690. பேட்டரி 30 யூனிட், சீட்டுக்குப் பின்னால். கதவின் மேல்விளிம்பை முழங்கை வைத்துக்கொள்ளும் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். கூரை ஓரத்தில் 1090, தலைகளுக்கு மேல் இரண்டு புடைப்புகளில் 1165. ஆப்பு வடிவம் போய்விட்டது. மூக்கு குட்டையாகி, முன்சக்கரங்கள் ஏறத்தாழ மூலைக்கே வந்துவிட்டன. எனக்கு இது முன்னதைவிடப் பிடித்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

அக்கா, ஒரு சந்தேகம் மட்டும்: 1165-க்கு முதுகை 28 டிகிரியே வைத்திருக்கிறேன். இன்னும் சாய்த்து 1140 ஆக்கலாமா?

இடுப்புப்புள்ளி எழுதியது:

சாய்க்க வேண்டாம். இன்னும் சாய்த்தால் வளைவில் திரும்பிப் பார்க்கக் கழுத்தை முன்னால் தூக்க வேண்டியிருக்கும். நாற்பது வளைவுகளில் அது வலிக்கும். 1165 இருக்கட்டும். அதைவிட, முன்சக்கரத்தை மூலைக்குத் தள்ளியதால் மிதிகளுக்கு நேராக இடம் கிடைத்ததா என்று பாருங்கள். வலக்கால் கோணலாகப் போகக்கூடாது. இருக்கைக் கூட்டைக் கட்டி, இருவரையும் உட்காரவைத்த படங்களை இங்கே போடுங்கள். மிதியின் இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.